தெளிந்ததெல்லாம் நன்னீரா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடாதே என்பது நம் பெரியோர் வழங்கிய பழமொழி. பாலாற்றங்கரையிலே பிறந்து, பாலாற்று ஊற்றுநீரைக் குடித்து வளர்ந்து, அக்கரையிலேயே முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி ஓய்வுபெற்றவன் நான். அப்பழமொழியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. தெளிந்ததெல்லாம் நன்னீர் என்றும் நம்பிவிடாதே என்பதே அது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இன்று மாணவ நண்பர்களாகிய உங்களிடம் கூறப்போகிறேன்.

அண்மையில் என் பேரப் பிள்ளைகளுடன் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். 2021-ஆம் ஆண்டில் அக்கடற்கரைக்கு 'நீலக்கொடி' என்னும் சிறப்புக் கிடைத்தது. டென்மார்க் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு, உலகெங்கும் தூய்மையும் பாதுகாப்பும் உடைய கடற்கரைகளுக்கு அதனை வழங்கி வருகிறது. பிள்ளைகள் அலையை நோக்கி ஓடினார்கள். நானோ, பழைய வாத்தியார் அல்லவா? எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே என் கால்கள் தாமே நடந்துவிட்டன. அங்கே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. கடல் நீரைச் சோதித்துக் கண்ட முடிவுகள் அதில் எழுதப்பட்டிருந்தன.

நீலக்கொடி பெறுவதற்குரிய விதிகளுள் இதுவும் ஒன்று. குளிக்கும் பருவத்தில் குறைந்தது ஐந்து முறையேனும் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையே 31 நாட்களுக்கு மேல் இடைவெளி விடலாகாது. கண்ட முடிவை, வருவோர் போவோர் அனைவரும் பார்க்கும்படி அங்கேயே எழுதி வைத்தல் வேண்டும். அரைநாள் விளையாடிவிட்டுப் போகிறவர்களுக்காக இவ்வளவு ஏற்பாடு!

பலகையின் முன் நின்றிருந்த எனக்கு, எங்கள் ஊர்க் கிணறு நினைவுக்கு வந்தது. கடல் நீரை யாரும் குடிப்பதில்லை. அதற்கு ஒரு பலகை இருக்கிறது. கிணற்று நீரைத் தெருவே குடிக்கிறது. அதற்குப் பலகை இல்லை. இந்த வேறுபாடு ஏன்? அதைப் பற்றி ஆராயுமுன், கடற்கரையில் எதைச் சோதிக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்வோம்.

நீரினால் வரும் நோய்களுக்குக் காரணமான கிருமிகள் பல. வாந்திபேதியை உண்டாக்குவது ஒன்று. குடற்காய்ச்சலை உண்டாக்குவது மற்றொன்று. மஞ்சட்காமாலையைத் தருவது வேறொன்று. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவதென்றால் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். எனவே அறிஞர்கள் ஓர் எளிய வழி கண்டார்கள். மனிதர், விலங்குகள் ஆகியோரின் குடலில் இயல்பாகவே கோடிக்கணக்காக வாழும் ஒருவகை நுண்ணுயிர் உண்டு. அதற்கு 'ஈ கோலை' என்று பெயர். அது நீரில் காணப்பட்டால், அந்நீரில் மலம் கலந்திருக்கிறது என்பது பொருள். மலம் கலந்த வழியிலே நோய்க்கிருமிகளும் வரக்கூடும் அல்லவா? திருடனைத் தேடுவோர் முதலில் அவனுடைய காலடித் தடத்தைத் தேடுவது போன்றது இது.

நூறு மில்லி லிட்டர் நீரை மிக நுண்ணிய வடிதாளின் வழியே செலுத்துவர். தாளில் தங்கிய நுண்ணுயிர்களுக்கு உணவூட்டி, வெப்பப் பெட்டியில் ஒருநாள் வைப்பர். ஒவ்வொன்றும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். புள்ளிகளை எண்ணினால் தொகை தெரிந்துவிடும். நீலக்கொடிக் கடற்கரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரிகளிலேனும் அத்தொகை 250-ஐத் தாண்டாதிருக்க வேண்டும். குடிநீருக்கோ, நூறு மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர விதி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடிவு தெரிய ஒருநாள் ஆகிறது. ஆகவே பலகையில் நாம் காண்பது நேற்றைய நீரின் நிலையே. ஒருமுறை சோதித்துவிட்டு, இந்த நீர் என்றென்றும் நல்லது என்று சான்றிதழ் எழுதிக்கொடுக்க எவராலும் இயலாது. மீண்டும் மீண்டும் சோதித்து, மழைக்கு முன் எப்படி, மழைக்குப் பின் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே 'கண்காணித்தல்' என்று பெயர்.

எழுதி வைத்த குறிப்பு எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1854-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்தின் ஒரு பகுதியில் வாந்திபேதி தோன்றிச் சில வாரங்களுக்குள் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றினாலேயே இந்நோய் பரவுகிறது என்று அந்நாளில் பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அதை நம்பவில்லை. இறந்தவர்கள் எந்தெந்த வீட்டினர், எங்கிருந்து தண்ணீர் பெற்றனர் என்று வீடுவீடாக விசாரித்து எழுதினார். அக்குறிப்புகள் யாவும் பிராட் தெருவிலிருந்த ஓர் அடிகுழாயையே சுட்டிக்காட்டின. அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தக் குழாய் நீர் கலங்கலாக இருந்து மக்கள் அதனை வெறுத்தார்கள் என்று எண்ணாதீர்கள். விரும்பிக் குடித்த நீர் அது. நோய்க்கிருமியைத் திட்டமாகக் காட்டும் வேலையை, முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் நமது கல்கத்தாவில் 1884-இல் செய்தார். மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே அவர் அதைக் கண்டார். கண்ணையும் நாக்கையும் மட்டும் நம்பியிருந்தால் இவ்வுண்மைகள் வெளிப்பட்டிருக்குமா?

இனி நம் பாலாற்றுக்கு வருவோம். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடி, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் இவ்வாறு கடலோடு கலக்கிறது. நான் கண்ட கோவளம் அதற்கு வடக்கே அதே கரையில் இருக்கிறது. ஓடுகிறது என்று சொன்னேனே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் மேலே காண்பது மணல்தான். நீர் மணலுக்கு அடியிலே ஓடும். மணலைக் கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சினார்கள் நம் முன்னோர். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களுக்கெல்லாம் இம்மணலே வடிகட்டி, இம்மணலே நீர்த்தொட்டி.

அதே கரையில்தான் தோல் பதனிடும் தொழிலும் வளர்ந்தது. அத்தொழிலைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. என் தமையனார் அத்தொழிலில் உழைத்துப் பெற்ற கூலியிலேதான் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் சோறு போடும் கையாயினும், அது கிணற்றில் என்ன போடுகிறது என்று பார்ப்பது குற்றமாகாது.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டே தோலைப் பதனிட்டனர். அதற்கு வாரக்கணக்கில் நாட்கள் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோமிய உப்பைக்கொண்டு பதனிடும் முறையைப் புகுத்தினார். நாட்கணக்கிலே வேலை முடிந்தது. 1970-களில், பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதும் பதனிட்ட தோலாக அனுப்பினால் நாட்டுக்கு வருவாய் மிகும் என்பதே நோக்கம். வருவாய் மிகுந்தது, கழிவுநீரும் மிகுந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று குறிப்பிடுகிறது. தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிடுவார்கள். அதை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பெல்லாம் கழிவுநீரிலே சேரும். சுண்ணாம்பும், சல்பைடும், குரோமியமும் பின்னே சேரும்.

இவற்றுள் கருநிறக் கழிவைக் கண்ணால் காணலாம். நாற்றத்தை மூக்கால் அறியலாம். கரைந்த உப்பையோ, மண்ணிலே வடிந்து தெளிந்த பிறகு, கண்ணால் காண இயலாது. அது படிகம்போல் தெளிந்து நிற்கும். இங்கேதான் நான் ஏமாந்தேன்.

1980-களின் பிற்பகுதியில் ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். பள்ளிக்கு ஒரு கிணறு இருந்தது. ஒருநாள் சத்துணவு சமைக்கும் அம்மையார் என்னிடம் வந்து, "ஐயா, எவ்வளவு நேரம் எரித்தாலும் பருப்பு வேகமாட்டேன் என்கிறது, தண்ணீரில் ஏதோ கோளாறு" என்றார். நான் ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். தூசு துரும்பு ஒன்றுமில்லை. "நீரில் கோளாறு இல்லை, பருப்பு பழைய பருப்பாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று பிற்பகலே, தூய நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று ஐந்தாம் வகுப்புக்குப் பாடமும் நடத்தினேன்! பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதே!" என்றான். "கோடையில் அப்படித்தான் இருக்கும், உட்கார்" என்றேன்.

கோடை போயிற்று, கரிப்புப் போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சோப்பு நுரைக்கவில்லை. தென்னங்கீற்றின் நுனி கருகிற்று. வரப்பிலே வெள்ளையாக உப்புப் பூத்தது. முடிவில் பள்ளிக் கிணற்றை மூடிவிட்டு, தொலைவிலிருந்து வண்டியில் நீர் கொண்டுவரலானோம். அந்த அம்மையாரும் அச்சிறுவனும் அன்று எனக்குச் சொன்னது சோதனை முடிவல்லாமல் வேறென்ன? படித்த நான் அதைக் கேட்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை.

அதன் விலையைப் பின்னர்த்தான் உணர்ந்தேன். 1991-இல் வேலூர் மக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு இம்மாசு குறித்து உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்ற ஆய்வு அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. அதுபோலவே திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஆராய்ந்த கிணறுகள் 467-இல் 350 கெட்டிருந்தன என்ற கணக்கும் காட்டப்பட்டது. கேடு வருமென ஐயம் தோன்றியபோதே தடுக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு உரைத்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிலப்படும் தீர்ப்பு அது. நண்பர்களே, ஒன்றைச் சிந்தியுங்கள். நீதிமன்றத்தை அசைத்தது எங்கள் கண்ணீர் மட்டுமன்று; யாரோ சிலர் கிணறு கிணறாகச் சென்று, அளந்து, எழுதி வைத்த எண்களும் அன்றோ?

பின்னர் இழப்பீடு பற்றிய விசாரணைகள் நடந்த காலத்தில், எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், "இக்கிணறு எந்த ஆண்டில் கெட்டது?" என்று கேட்டார். ஒருவர், மகன் பிறந்த ஆண்டு என்றார். மற்றொருவர், பெருமழைக்கு அடுத்த ஆண்டு என்றார். வேறொருவர், அதற்கு முன்பே என்றார். பிறகு அனைவரும் என்னைப் பார்த்தனர். ஊரில் எழுதுகோல் பிடித்தவன் நான்தானே? பள்ளிக்குச் சென்று பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். எந்தப் பிள்ளை எந்த நாள் வந்தது, எந்த நாள் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. நாற்காலி எத்தனை, உடைந்தது எத்தனை என்பதும் இருந்தது. கிணற்று நீரைப் பற்றி ஒரு வரி இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து நின்ற அந்த நாளை நான் மறக்கவில்லை.

2001-இல் சூழல் இழப்புக்கான ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு, 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வகுத்தது. எனினும் கேடு முற்றும் நீங்கவில்லை, குறைகளும் தீரவில்லை. 2025 சனவரி 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு தந்து, அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. வழக்கை அத்துடன் முடித்துவிடாமல் தானே தொடர்ந்து கவனித்து வருவதாகவும் அறிவித்தது. நீரைப் போலவே தீர்ப்பையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது!

இடைக்காலத்தில் நல்லவை நடக்காமலும் இல்லை. பல தொழிற்சாலைகளின் கழிவைச் சேர்த்துத் தூய்மைப்படுத்தும் பொது நிலையங்கள் எழுந்தன. நுண்ணுயிர்களைக்கொண்டு கழிவைச் சிதைக்கும் முறை உப்பை நீக்காது என்று கண்டு, சவ்வூடு பரவல் முறையால் உப்பைப் பிரித்து நீரை மறுபடியும் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் வந்தன. ஆயினும் முன்னே மண்ணில் இறங்கிய மாசு எளிதில் அகலாது. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் குவிந்த கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதன் கசிவால் நிலத்தடி நீரே மஞ்சள் நிறம் பெற்றது. மஞ்சளாக இருந்தால் குடிக்காமல் விலகிவிடுவோம். ஆனால் குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி. அந்த எல்லையைச் சிறிது தாண்டிய நீரில் நிறம் தெரியாது. அறுபண்புக் குரோமியம் எனப்படும் வகையோ புற்றுநோய் விளைக்க வல்லது. எனவே கண்ணை நம்பாதீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. எந்த நீரையும் காய்ச்சிவிட்டால் போதும் என்பர். காய்ச்சினால் கிருமி சாகும், மிக நல்லது. உப்போ குரோமியமோ சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் உப்பு மிகவே செய்யும். நோய்க்கேற்ற மருந்து போல, மாசுக்கேற்ற சோதனையும் மாற்றும் வேண்டும்.

நாங்கள் என்ன செய்யக்கூடும் என்று நீங்கள் கேட்கலாம். அதிகம் செய்யக்கூடும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கைக்கருவி இன்று பேனா அளவில் கிடைக்கிறது. நீரில் அமிழ்த்தினால் எண் தெரியும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர விதி. கிருமிக்கு, குவாலியரிலுள்ள இராணுவ ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை இருக்கிறது. மருந்து தோய்த்த தாளிட்ட குப்பியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய சோதனைகளில் பயிற்சி தரும் ஏற்பாடும் இருக்கிறது. ஐயம் தோன்றினால் அனுப்புவதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. குரோமியம் போன்றவற்றை அங்கேதான் சோதிக்க இயலும்.

சோதனை முடிவுகள் கணினித் தளத்தில் ஏற்றப்படுகின்றன என்பீர்கள். இடுப்பில் குடத்தோடு கிணற்றடிக்கு வரும் தாய், கணினியைப் பார்த்துவிட்டா நீர் இறைக்கிறாள்? கடற்கரையில் குளிப்பவன் கண்ணெதிரே பலகை இருப்பதுபோல், கிணற்றடியிலும் குழாயடியிலும் பலகை இருக்க வேண்டாமா?

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பள்ளியில், கல்லூரியில், ஒரு நீர்ப் பதிவேடு தொடங்குங்கள். மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே கிணற்றில், ஒரே முறையில் நீரை எடுங்கள். குப்பியை அதே நீரால் இருமுறை அலம்புங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் முன்பே தூய்மை செய்து மூடிய குப்பியை அலம்பாமல் பயன்படுத்துங்கள். நாள், இடம், நீர்மட்டம், முன்னாள் மழை, கண்ட அளவு ஆகியவற்றை மையால் எழுதுங்கள். அளவு நன்றாக இருக்கும் மாதத்திலும் எழுதுங்கள். நல்ல காலத்துக் கணக்கு இல்லையேல், கெட்டதைக் கெட்டது என்று மெய்ப்பிக்க வழியில்லை. எழுதியதை ஒரு கரும்பலகையில் ஊரார் காண வையுங்கள். "பருப்பு வேகவில்லை" என்று ஒருவர் வந்து சொன்னால், அதையும் நாளிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளியில் அத்தகைய பதிவேடு ஒன்றைத் தொடங்கினேன். காலங்கடந்த காரியந்தான். எனினும் இன்றும் அங்கே பிள்ளைகள் மாதந்தோறும் எழுதி வருகின்றனர். சென்ற மழைக்காலத்துக்குப் பின் புதிய ஆழ்துளைக் கிணற்றில் உப்பின் அளவு சற்றே குறைந்திருந்தது என்று ஒரு சிறுமி என்னிடம் ஓடிவந்து சொன்னாள். அது நிலைக்குமா என்பதை அடுத்த மாதத்து வரிதான் சொல்ல வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று இனி யாராவது வந்து கேட்டால், அந்தப் பிள்ளைகள் என்னைப்போல் வெறுங்கையோடு நிற்க மாட்டார்கள்.